காதோரம் மூன்று பெயர்கள்

அந்த அக்காவுக்கு ரத்தம் ஆகாது. நான் டயர் கழற்றும்போது லிவர் வழுக்கி விரல் கிழிந்து கொஞ்சம் ரத்தம் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கண்ணு, அதை அக்கட்டால கொண்டுபோ. துணியைச் சுத்திப்போட்டு அப்பறமா வா. எனக்குத் தலை சுத்துது" என்பார். கறிக்கடையில் கோழி வெட்டி முடிக்கும்வரை ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார். அப்படிப்பட்டவருடைய கையில்தான் அத்தனை பேருடைய ரத்தம் பட்டது.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், அவிநாசி ரோட்டை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் எனக்குப் பஞ்சர் கடை. பக்கத்தில் அக்காவின் இட்லிக் கடை. நாலு பக்கமும் தகரம். முன்பக்கத் தகரத்தை மேலே தூக்கி ஒரு கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பார். பகலில் அது நிழல், கடை கட்டும்போது அதுவே கதவு. கம்பியை உருவிவிட்டால் தகரம் டமாரென்று விழுந்து கடை பெட்டி மாதிரி மூடிக்கொள்ளும்.

ரத்தம் மட்டுமில்லை, அக்காவுக்குப் பயமில்லாத பொருளே கிடையாது. இடி, நாய், பல்லி, லாரியின் ஏர்ஹாரன். சூலூர்ப் பக்கமிருந்து விமானப்படை விமானம் தாழப் பறந்துவந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "இயேசு மரி சூசை, இயேசு மரி சூசை" என்பார். விமானம் போனதும் கரண்டியை எடுத்துக் கழுவிக்கொண்டே, "இது ஒரு நாளைக்கு என்ற இட்லிச் சட்டி மேலதான் உளுகப் போவுது பாரு" என்பார். "என்னைய மாதிரி பயந்தாங்கொள்ளிய ஆண்டவர் எதுக்குப் படைச்சாருன்னே தெரியல. மண்ணு மிச்சமாயிருக்கும்."

நான் சிரிப்பேன். பதில் சொல்ல வராது. எனக்குப் புது ஆட்களிடம் பேசவே வராது. வண்டிக்காரர் பேரம் பேசினால் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொள்வேன். அதைப் பார்த்து அக்கா கேலி பண்ணுவார். "தம்பிய நாலு வார்த்தை பேச வெக்கோணும்னா டியூப்புக்கு அடிக்கிற மாதிரி காத்து அடிக்கோணுமுங்க" என்று என் வாடிக்கையாளரிடமே சொல்வார். "கண்ணாலத்துல பொண்ணைப் புடிச்சிருக்குதான்னு கேட்டப்பவும் இப்பிடித்தான் தலைய ஆட்டியிருப்பாப்ல."

கடைக்குள்ளே புகை பிடித்துப்போன ஒரு படம் மாட்டியிருந்தது. தாடி வைத்த ஒரு பெரியவர் கட்டிலில் படுத்திருப்பார். ஒரு பக்கம் இயேசு, மறுபக்கம் மாதா. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டேன்.

"அது சூசையப்பர் கண்ணு. மாதாவோட வீட்டுக்காரரு. சாகறாரு."

"சாகற படத்தைப் போயி கடைல மாட்டியிருக்கறீங்ளே அக்கா."

"ஏன், மாட்டினா என்ன? அவரு சாகறப்ப இந்தப் பக்கம் இயேசு இருந்தாராமா, அந்தப் பக்கம் மாதா இருந்தாங்களாமா. ரெண்டு பக்கமும் ஆளு. அதைவிட ஒருத்தனுக்கு என்ன வேணும்?" பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். "எனக்குச் சாகறதுன்னா அவ்வளவு பயம். அதுக்குத்தான் அந்தப் படம். எங்கள்ல ஆரு சாகக் கெடந்தாலும் காதுல இந்த மூணு பேரைத்தான் சொல்லுவம். கடைசியா அது கேக்கோணும்."

அக்காவின் வீட்டுக்காரர் எப்போதோ இறந்துபோயிருந்தார். ஒரே பையன். தறிப்பட்டறையில் வேலை. அவனும் அவனுடைய சினேகிதன் ஒருவனும் ஷிப்ட் முடிந்ததும் பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து பெஞ்சில் உட்காருவார்கள். அந்தச் சினேகிதனுக்குத் தாய் கிடையாது. அவனும் அக்காவை அம்மா என்றுதான் கூப்பிடுவான். "அம்மா, இன்னொரு கரண்டி சாம்பார்." "ஏண்டா, இட்லி திங்கறியா, சாம்பார்ல குளிக்கறியா" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஊற்றுவார்.

அந்தச் சினேகிதன்தான் அக்காவின் பையனை வெட்டினான்.

பொழுது சாய்கிற நேரம். எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் சாராயக் கடை. இரண்டு பேரும் அங்கே குடித்துவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள். சினேகிதனின் தங்கச்சியைப் பற்றி அக்கா பையன் போதையில் ஏதோ சொல்லிவிட்டான். பக்கத்தில் இளநீர் வண்டி. வண்டிமேல் கிடந்த அரிவாளைச் சினேகிதன் எடுத்து அவன் கழுத்திலும் தோளிலும் மாறி மாறி வெட்டினான். இளநீர்க்காரர் தடுக்கப்போய் அவருக்கும் கையில் விழுந்தது.

"வெட்டிப்போட்டாங்க, வெட்டிப்போட்டாங்க" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். எனக்கு இந்தப் பக்கம் டமாரென்று தகரம் விழுந்தது. அக்கா கம்பியை உருவிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். நான் கூட்டத்தைப் பார்க்கப் போனேன். எல்லோரும் வட்டமாக நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அக்கா எடுத்துக்கொடுத்த கட்டம் போட்ட சட்டையைத்தான் முதலில் பார்த்தேன். கழுத்திலிருந்து ரத்தம் விட்டு விட்டு வந்தது. அவன் முகத்தை எங்கள் கடைப் பக்கம் திருப்ப முயன்றுகொண்டிருந்தான். "அம்மா" என்றான். மறுபடியும் சொன்னான்.

ஓடிவந்து தகரத்தைத் தட்டினேன்.

"ஆருங்க? போயிருங்க. கடை இல்லைங்க" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

"அக்கா, நான்தானுங்க. தொறங்க."

"வேண்டாங் கண்ணு. எனக்கு அதெல்லாம் ஆகாது. ஆரோ எவரோ, நான் உள்ளார அந்த உசுருக்காவ செபமாலை சொல்லிட்டுத்தான் இருக்கறேன். நீயும் உள்ள வந்துரு, அங்க நிக்காத."

எனக்கு வாய் வரவில்லை. யாரென்று சொல்ல முடியவில்லை. தகரத்தை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. செருப்பில்லாமல் ஓடினார். அதற்குள் முடிந்துவிட்டது. வெட்டியவன் ஓடவில்லை. இளநீர் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அரிவாள் அவன் கையிலேயே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்தபிறகு அக்கா என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார்.

"அவன் உசுரோட இருந்தானா கண்ணு? ஏதாச்சும் பேசினானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் எனக்குப் பொய் சொல்ல வராது. "அம்மான்னு கூப்பிட்டானுங்கக்கா" என்றேன்.

வெகுநேரம் இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ற புள்ளைக்குத்தான் செபம் பண்ணிட்டு இருந்திருக்கறேன்" என்றார். "அவன் கூப்புட்டுட்டு இருந்திருக்கறான். நான் தகரத்துக்கு இந்தப் பக்கம் குக்கி உக்காந்துட்டு, ஆரோ பெத்த புள்ளைன்னு நெனச்சுட்டு இருந்திருக்கறேன்."

அதற்குப் பிறகுதான் அக்கா ஓட ஆரம்பித்தார்.

எங்கள் ரோட்டில் விபத்துக்குக் குறைவில்லை. ஒருநாள் வேன் ஒன்று பைக்கை அடித்துத் தூக்கி எறிந்தது. ஓட்டிவந்தவனின் தலை நடுரோட்டில் மோதிய சத்தம் என் கடைக்குக் கேட்டது. நான் எழுவதற்குள் அக்கா ரோட்டில் இருந்தார். உடம்பு முழுக்க நடுங்கியது. பயத்தில் சேலை நனைந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்து உடைந்த தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவன் காதில் மூன்று பெயர்களையும் சொன்னார். ஆம்புலன்ஸ் வருவதற்குமுன் அவன் போய்விட்டான். அக்கா எழுந்துவந்து என் கடைக்குப் பின்னால் வாந்தி எடுத்தார். பிறகு, டியூப்பை முக்கி ஓட்டை பார்க்கிற என் தொட்டியில் கைகளை விட்டார். தண்ணீர் சிவந்தது. தண்ணீருக்குள்ளேயும் கை நடுங்கி, தொட்டி முழுக்கச் சின்னச் சின்ன அலையாக வந்தது.

"தண்ணியக் கெடுத்துப்போட்டேன் கண்ணு. மாத்தி ஊத்திக்கோ."

"அக்கா, உங்களுக்குத்தான் ஆகாதுங்களே. எதுக்குப் போறீங்க?"

"ஆகாதுதான். பயமாத்தான் இருக்குது. பயம் போனதுக்கப்பறம் போலாம்னா அதுக்குள்ள அவன் செத்துப்போறானே."

இப்படியே போனது. கேபினுக்குள் நசுங்கி மாட்டிக்கொண்ட லாரி டிரைவரிடம், ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தீயணைப்புக்காரர்கள் கம்பியை அறுத்து முடிக்கும்வரை பேசிக்கொண்டே நின்றார். அந்த டிரைவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்தவர்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் கை நடுங்கும், வாந்தி வரும், என் தொட்டியில் தண்ணீர் மாறும்.

ஒருமுறை அடிபட்டவர் நெற்றி நிறைய விபூதி பூசிய மனிதர். பின்னால் காரில் அவருடைய உறவுக்காரர்கள் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் இறங்கி ஓடிவரும்போது அக்கா அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். "செத்துட்டு இருக்கறவனை மதம் மாத்தறியாடி" என்று ஒருவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து அறைந்தான். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். நானும் இளநீர்க்காரரும் போய் இழுத்துக்கொண்டு வந்தோம். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடியது. போலீசில் சொல்லலாம் என்று இளநீர்க்காரர் சொன்னார். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, "அவிய சொல்றதும் நாயந்தானுங்களே. அந்த மனுசனுக்குப் பழக்கமில்லாத பேரைக் கடைசி நேரத்துல சொன்னா ஆரோ எவரோன்னு பயந்துக்க மாட்டாரா" என்றார்.

அதிலிருந்து முதலில் கேட்பார். "எந்தச் சாமிங்க உங்களுக்கு?" முருகன் என்றால், "முருகன் பக்கத்துலயே இருக்கறானுங்க, பயப்படாதீங்க" என்று காதில் சொல்வார். மாரியம்மன் என்றால் மாரியம்மன். தன்னுடைய மூன்று பெயர்களை வெளியே கேட்காமல் உதட்டுக்குள் சொல்லிக்கொள்வார். இது பாவமா என்று சந்தேகம் வந்து மாதா கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் கேட்டாராம்.

"என்ன சொன்னாருங்கக்கா?"

"ரொம்ப நேரம் ஒண்ணுமே சொல்லல. தூங்கிட்டாரோன்னு எட்டிப் பாத்தேன். அப்பறமா அருள்நிறை மந்திரம் சொல்லிட்டுப் போன்னாரு. பாவத்துக்காவ சொல்லச் சொன்னாரா, சும்மா சொல்லச் சொன்னாரான்னு தெரியல. எதுக்கு வம்புன்னு ரெண்டுக்கும் சேத்தி எச்சாவே சொல்லிப்போட்டேன்."

பையனை வெட்டியவன் ஜாமீனில் வெளியே வந்தான். வேறு ஊருக்குப் போகாமல் பழைய தறிப்பட்டறைக்கே வேலைக்கு வந்தான். பஸ் நிறுத்தம் எங்கள் கடைக்கு எதிரே. காலையில் அங்கே வந்து நிற்பான். இந்தப் பக்கம் பார்க்கமாட்டான். அவன் நிற்கிறவரை அக்கா மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் குனிந்து எதையாவது தேடிக்கொண்டே இருப்பார். கை நடுக்கம் இப்போது ரத்தமில்லாமலே வந்தது.

"கண்ணு, ஆண்டவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு இருக்கறேன்" என்றார் ஒருநாள். "அவன் நல்லா இருக்கட்டும், நாசமாப் போகட்டும், எனக்குத் தெரியாது. என்ற கண்ணு முன்னால மட்டும் அவன் அடிபட்டுரக் கூடாது. பட்டா நான் போகோணும். என்னால அவன் தலையை மடியில எடுக்க முடியாது. எடுக்காம உட்டுட்டு அதுக்கப்பறம் இருக்கவும் முடியாது."

அக்காவுக்குப் பவானிப் பக்கம் ஒரு தம்பி இருந்தார். ஜமக்காளங்களை வண்டியில் போட்டு ஊர் ஊராக விற்பவர். அக்கா பையனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஜாமீன் விஷயம் தெரிந்ததும் வந்தார். கொடுத்த இட்லியைத் தொடவில்லை.

"அவன் தெனமும் எதுத்தாப்ல வந்து நிக்கறானாமா. நீங்க இட்லி ஊத்திட்டு இருக்கறீங்களாமா."

"அவனைத் தொட்டுராத சாமி. என்ற வயித்துல பொறந்தவன் போனது போதும். கூடப் பொறந்தவனும் செயிலுக்குப் போகோணுமா? ஆண்டவர் பாத்துக்குவாரு."

"அன்னைக்கும் பாத்துட்டுத்தானுங்க இருந்தாரு" என்றார் தம்பி. எழுந்து போய்விட்டார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. முதல் ஈடு இட்லி இறக்கி ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் ஒரு ஸ்கூட்டர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் சத்தம். அவன் ரோட்டைக் கடந்து ஓடிவந்தான். பின்னால் அக்காவின் தம்பி, கையில் அரிவாளோடு. ரோட்டு நடுவிலேயே முதுகில் ஒரு வெட்டு விழுந்தது. தடுத்த கையில் இன்னொன்று. விரல்கள் தெறித்து என் கடைக்கு முன்னால் விழுந்தன. அப்படியும் அவன் ஓடிவந்தான். எத்தனையோ பக்கம் இருக்க, அவன் ஓடிவந்தது இட்லிக் கடைக்கு. பெஞ்சுக்கு முன்னால் தடுக்கி விழுந்தான். விழுந்தவன் கழுத்தில் தம்பி வெட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"அக்கா, நல்லாப் பாத்துக்குங்க" என்றார் தம்பி. "உங்க கண்ணு முன்னாலயே செஞ்சுபோட்டேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். தகரத்துக்கு முட்டுக்கொடுத்த கம்பியின்மேல் அவர் கை இருந்தது. இழுத்தால் போதும். தகரம் விழுந்துவிடும். கை நடுங்கியதில் தகரமே கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"தள்ளுங்கக்கா" என்றார் தம்பி. அரிவாளை ஓங்கியபடியே நின்றார். சட்டையெல்லாம் ரத்தம், கண் வேறு யாருடைய கண் மாதிரியோ இருந்தது. "இவன் காதுல கீதுல ஏதாச்சும் சொன்னீங்கன்னா அக்கான்னுகூடப் பாக்கமாட்டேன். ஆண்டவர் சத்தியமா வெட்டிப்போடுவேன்."

அக்கா கீழே உட்கார்ந்தார். அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

"வெட்டறதுன்னா வெட்டிக்க சாமி. உக்காந்துட்டேன். இனி எந்திரிக்கச் சொன்னா முட்டி வலிக்கும்."

சாம்பார் இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்வது மாதிரிதான் அதைச் சொன்னார்.  அரிவாள் அவர் தலைக்கு மேலேயே இருந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. குனிந்து வழக்கம்போல, "எந்தச் சாமி" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டு முடிக்கவில்லை. அவன் வாயில் ரத்தம் கொப்பளித்தது. "அம்மா" என்றான்.

 அக்கா அவன் காதோடு வாயை வைத்தார்.

"வந்துட்டேன் சாமி. இங்கதான் இருக்கறேன். கதவு தொறந்துதான் இருக்குது. வந்துட்டேன், வந்துட்டேன்."

கண்ணை மூடவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவன் அடங்கியபிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு உதடு மட்டும் அசைந்தது. தம்பி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

போலீஸ் வந்து எல்லாம் முடிந்தபின் அக்கா என் தொட்டிக்கு வந்தார். கைகளை முக்கினார். தண்ணீர் சிவந்தது. அலை எதுவும் இல்லை. அவரே அதைக் கவனித்துவிட்டு ஈரக் கைகளை என் முன்னால் நீட்டினார்.

"கண்ணு, இங்க பாரேன்."

பார்த்தேன். ஆடவில்லை.

"ஆண்டவர்கிட்ட இது மட்டும் வேண்டாம்னு கேட்டேன். அவரு அதையேதான் குடுத்தாரு" என்றார். வருத்தமா சந்தோஷமா என்று முகத்தில் தெரியவில்லை. அன்றைக்கு வாந்தி எடுக்கவில்லை. தொட்டித் தண்ணீரை அவரே கவிழ்த்து, குழாயில் பிடித்து நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்காக அக்கா வீராங்கனை ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வாரமே விமானம் பறந்தபோது கரண்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். பல்லியைக் கண்டால் என்னைக் கூப்பிட்டார். கோர்ட்டில் தம்பிக்கு எதிராகப் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அழுதுகொண்டேதான் சொன்னார். சொந்தம், ஒரம்பரை மொத்தமும் அவரை ஒதுக்கியது. கடை மேல் கல் விழுந்து தகரம் நெளிந்தது. நெளிந்த தகரத்தோடே கடை நடந்தது. மனுப்போட்டு ஜெயிலுக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவார். முதலில் அவர் முகம் கொடுக்கவில்லை. பிறகு பேசினாராம். ரோட்டில் யாராவது அடிபட்டால் அக்கா முன்போலவே ஓடினார். கை மட்டும் ஆடவில்லை.

கடைசியில் அக்காவுக்கு வந்தது சர்க்கரை. காலில் புண்ணாகி, விரலை எடுத்து, பாதத்தை எடுத்து, அதற்கும் மேலே ஏறிவிட்டது. கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தார். சாமியார் வந்து எண்ணெய் பூசி மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்தது. கட்டிலுக்கு ஒரு பக்கம் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் இல்லை.

"பயமா இருக்குதுங்களா அக்கா?"

"இருக்குது கண்ணு." மூச்சு வாங்கியது. "இருந்துட்டுப் போகட்டும். அது பாட்டுக்கு அது ஒரு மூலைல உக்காந்திருக்குது. அக்கட்ட போன்னு சொன்னா போகவா போவுது." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணும் ஆகாது" என்றார். எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி சொன்னார்.

பிறகு என் பக்கம் இருந்த தன் கையைத் தூக்கிக் கட்டிலின் மறுபக்கத்தைக் காட்டினார்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் எடம் உடு."

அதுதான் கடைசிப் பேச்சு. எனக்குக் கடையில் மாட்டியிருந்த சூசையப்பர் படம் ஞாபகம் வந்தது. நான் எழுந்து, அந்தப் பக்கம் இருந்த பையையும் சொம்பையும் எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அக்காவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நர்ஸ் ஒருவர் குளுக்கோஸ் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வேகமாக வந்து அந்தக் காலி இடத்தில் நிறுத்தப் போனார்.

நான் எழுந்து நின்றேன். "சிஸ்டர், அந்தப் பக்கம் வேண்டாங்க" என்றேன். வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. "அங்க ஆளு வர்றாங்க."

அவர் வாசலைப் பார்த்தார். யாருமில்லை. என்னைப் பார்த்தார். ஸ்டாண்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் அக்காவின் காதோரம் குனிந்து மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்காவின் கை என் கைக்குள் அசையாமல் இருந்தது. என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.